குடும்பப் பாதீடும் பணம் பற்றிய எமது மனப்பாங்கும்

(க.பொ.த. சாதாரண தர வணிகக் கல்வி, கணிதம், மனைப் பொருளியல் மாணவர்க்குப் பயன்படும் பாடம்)

"பாதீடு என்றால் என்ன?" என்ற வினாவுக்கு மாணவர் பெரும்பாலும் எழுதும் விடை இது: எதிர்காலக் காலப்பகுதி ஒன்றுக்குரிய வருமானத்தையும் செலவையும் முன்கூட்டியே மதிப்பிட்டுத் தயாரிக்கப்படும் நிதித் திட்டம். விடை சரியானது. புள்ளியும் கிடைக்கும். ஆனால் அந்த விடையில் ஒரு சொல்லைப் பலரும் யோசிக்காமலே எழுதிவிடுகிறார்கள். "காலப்பகுதி" என்பதுதான் அச்சொல். எந்தக் காலப்பகுதி? ஒரு மாதமா, ஒரு வருடமா? யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழும் குடும்பமொன்றுக்கு இந்த வினாவுக்கான விடையைப் பொறுத்தே அக்குடும்பம் கடன்படுவதும் கடன்படாமல் இருப்பதும் அமைகின்றது. இப்பாடத்தில் அதையே நோக்குவோம்.

உத்தியோகத்தர் வீடும் தோட்டக்காரர் வீடும்

பாடநூல்களில் நீங்கள் காணும் மாதிரிப் பாதீட்டில் மாதச் சம்பளம் என்று ஒரு தொகை மேலே இருக்கும். அதன் கீழ் உணவு, உடை, மின்சாரம், கல்வி, மருத்துவம் என்று செலவுகள் வரும். இறுதியில் சேமிப்பு வரும். இது உத்தியோகத்தர் வீட்டுக்குப் பொருந்தும் பாதீடு. எமது பிரதேசத்தில் இந்த முறை வேரூன்றியதற்கும் காரணம் உண்டு. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாண இளைஞர்கள் கொழும்பிலும் மலாயாவிலும் அரச சேவையில் சேர்ந்தார்கள். மாதந்தோறும் தபாற் கந்தோருக்கு வந்த காசில் ஊரிலிருந்த குடும்பங்கள் வாழ்ந்தன. யாழ்ப்பாணத்தின் பொருளாதாரத்தையே "மணியோடர் பொருளாதாரம்" என்று ஆய்வாளர்கள் அழைத்தது இதனாலேயே. நிலையான வருமானம் உள்ள வீட்டில் கணக்கு எழுதுவது இலகு. அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்பது சதக்கணக்கில் தெரியும்.

தோட்டக்காரர், கடற்றொழிலாளர், மேசன், தச்சர், பனங்கள்ளு இறக்குபவர், சிறுகடைக்காரர் ஆகியோரின் வீடுகளில் நிலைமை வேறு. வெங்காயம் கிண்டினால் ஒரே நாளில் இலட்சக்கணக்கில் காசு வரும். பின்னர் நான்கு மாதங்களுக்கு ஒன்றும் வராது. சோளகம், வாடை என்று காற்று மாறக் கடலில் மீன்பாடும் மாறும். மாரி மழைக்குள் மேசன் வேலை குறையும். இத்தகைய வீட்டில் மாதப் பாதீடு ஒன்றை மட்டும் எழுதினால் சில மாதங்களில் செல்வந்தர் போலவும் சில மாதங்களில் ஏழை போலவும் தோன்றும். ஆண்டுப் பாதீடு ஒன்றை மட்டும் எழுதினாலோ எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். இரண்டும் முழு உண்மையல்ல. பன்னிரண்டு மாதங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி மாத இறுதி மீதியைப் பார்க்க வேண்டும். வணிகக் கல்வியில் இதைக் காசுப் பாதீடு என்போம்.

ஒரு குடும்பத்தின் பன்னிரண்டு மாதங்கள்

வலிகாமத்துச் செம்மண்ணில் ஆறு பரப்புத் தோட்டம் செய்யும் ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்வோம். (16 பரப்பு ஒரு ஏக்கர்.) தொகைகள் கணிப்பதற்கு இலகுவாக எடுக்கப்பட்டவை.

தாய் தைப்பதால் மாதம் ரூபா 15,000 வருகிறது. பசுப்பால் விற்பதால் மாதம் ரூபா 5,000. ஓகஸ்ட் மாத வெங்காயத்தில் செலவு கழித்து ரூபா 210,000. மார்ச் மாத வெங்காயத்தில் செலவு கழித்து ரூபா 270,000. ஆகவே ஆண்டு வருமானம் ரூபா 720,000.

மாதாந்தச் செலவுகள்: உணவு 27,000, மின்சாரமும் நீரும் 3,000, போக்குவரத்து 4,000, பிள்ளைகளின் படிப்பும் ரியூசனும் 7,000, மருந்து 2,000, தொலைபேசி 2,000. மொத்தம் ரூபா 45,000. இவை தவிர, வருடத்தில் ஒருமுறை வரும் செலவுகளும் உண்டு. ஓகஸ்டில் கோயில் திருவிழா 20,000. ஒக்டோபரில் மழைக்கு முன் கூரை திருத்தம் 35,000. நவம்பரில் தீபாவளி 20,000. ஜனவரியில் பொங்கலும் பாடசாலைக் கொப்பி, சப்பாத்து, சீருடையும் 25,000. யூனில் உறவினர் வீட்டுக் கலியாணம் முதலிய கொண்டாட்டங்கள் 40,000. ஆகவே ஆண்டுச் செலவு ரூபா 680,000.

ஆண்டு இறுதியில் ரூபா 40,000 மிச்சம். கடன் தேவையில்லாத குடும்பம் என்றே எவரும் சொல்வர். இனிக் காசுப் பாதீட்டைப் பாருங்கள். ஓகஸ்ட் முதலாந் திகதி கையில் ஒன்றும் இல்லை எனக் கொள்க. அடைப்புக்குறிக்குள் உள்ளவை பற்றாக்குறை.

மாதம் – வரவு – செலவு – மாத இறுதி மீதி (ரூபா)
ஓகஸ்ட் – 230,000 – 65,000 – 165,000
செப்டெம்பர் – 20,000 – 45,000 – 140,000
ஒக்டோபர் – 20,000 – 80,000 – 80,000
நவம்பர் – 20,000 – 65,000 – 35,000
டிசெம்பர் – 20,000 – 45,000 – 10,000
ஜனவரி – 20,000 – 70,000 – (40,000)
பெப்ரவரி – 20,000 – 45,000 – (65,000)
மார்ச் – 290,000 – 45,000 – 180,000
ஏப்ரல் – 20,000 – 45,000 – 155,000
மே – 20,000 – 45,000 – 130,000
யூன் – 20,000 – 85,000 – 65,000
யூலை – 20,000 – 45,000 – 40,000

ஆண்டு முழுவதற்கும் மிச்சம் காட்டும் குடும்பத்துக்கு ஜனவரி, பெப்ரவரி ஆகிய இரு மாதங்களில் ரூபா 65,000 வரை பள்ளம் விழுகின்றது. "தை மாசியில் கையைக் கடிக்குது" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கடி எங்கே இருக்கிறது என்பதை அட்டவணை காட்டுகிறது. இக்குடும்பத்தின் தாயோ தகப்பனோ ஊதாரித்தனமாக எதையும் செலவு செய்யவில்லை என்பதையும் கவனிக்க. காசு வரும் நாளும் போகும் நாளும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு விடயத்தை இங்கு இலகுபடுத்தியுள்ளோம். விதை வெங்காயம், பசளை, மருந்து, கூலி, இறைப்புக்கான எரிபொருள் ஆகிய செலவுகளைக் கழித்த பின்னரே வருமானத்தை எழுதினோம். நடைமுறையில் அந்தக் காசு நடுகைக் காலத்திலேயே கையை விட்டுப் போய்விடும். ஆகவே உண்மையான பள்ளம் இதைவிட ஆழமானது.

பள்ளத்தை நிரப்ப வழி உண்டா? அட்டவணை இருந்தால் வழியும் தெரியும். சென்ற ஆண்டு மிச்சம் 40,000 செலவாகாமல் ஓகஸ்ட் முதலாந் திகதி கையில் இருந்தால் பெப்ரவரிப் பள்ளம் 25,000 ஆகக் குறையும். கூரை திருத்தத்தை ஒக்டோபரில் செய்யாமல், மார்ச் வெங்காயக் காசு வந்தபின் ஏப்ரலில் செய்தால் பள்ளம் மறைந்து பெப்ரவரி இறுதியில் ரூபா 10,000 மீதி இருக்கும். ஒரு ரூபாவும் குறைத்துச் செலவு செய்யவில்லை. ஒரு செலவின் திகதி மட்டுமே மாறியது. சிக்கனம் என்றால் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்வது என்றே நினைத்துப் பழகிவிட்டோம். பாதீட்டின் முதல் வேலை அதுவல்ல.

கடனின் உண்மையான விலை

அட்டவணை இல்லாத வீட்டில் ஜனவரியில் என்ன நடக்கும்? கடன் வாங்குவார்கள். கடன் வாங்குவது பாவமும் அல்ல, அவமானமும் அல்ல. ஆனால் கடனுக்கும் அரிசி, சீனி போல விலை உண்டு. அந்த விலைதான் வட்டி. அரிசியின் விலையைக் கடைக்காரரிடம் ஒன்றுக்கு இரண்டு முறை கேட்பவர்கள் கடனின் விலையை ஒருமுறையும் கேட்பதில்லை. "தவணை எவ்வளவு?" என்று மட்டுமே கேட்கிறார்கள்.

வீட்டு வாசலுக்கு வந்து ரூபா 60,000 கடன் தருகிறார்கள் எனக் கொள்க. ஆண்டு வட்டி 26%. பன்னிரண்டு மாதத் தவணை. வட்டி ரூபா 15,600. மொத்தம் 75,600. மாதத் தவணை 6,300. இருபத்தாறு சதவீதம் என்பது அவ்வளவு பயங்கரமாகத் தோன்றவில்லை. ஆனால் இந்த வட்டி முழு 60,000 க்கும் முழு வருடத்துக்கும் கணிக்கப்பட்டது. உண்மையில் முழு 60,000 உம் முதல் மாதம் மட்டுமே உங்கள் கையில் இருந்தது. ஒவ்வொரு மாதமும் முதலில் 5,000 திரும்பிப் போகிறது. இறுதி மாதத்தில் உங்களிடம் இருப்பது 5,000 மட்டுமே.

கணிதப் பாடத்தில் குறைந்து செல்லும் மீதி மீது வட்டி கணிக்கும்போது படித்த மாத அலகு முறையை இங்கே பயன்படுத்துவோம். ரூபா 5,000 ஐ ஒரு மாதம் வைத்திருத்தல் ஒரு மாத அலகு.

மாத அலகுகள் = 12 + 11 + 10 + ... + 1 = 12 × 13 ÷ 2 = 78
ஒரு மாத அலகுக்கான வட்டி = 15,600 ÷ 78 = ரூபா 200
மாத வட்டி வீதம் = 200 ÷ 5,000 × 100 = 4%
ஆண்டு வட்டி வீதம் = 4 × 12 = 48%

சொல்லப்பட்டது 26%. கொடுத்தது 48%. பொய் சொன்னார்கள் என்று கூற முடியாது. கணிக்கும் முறையைச் சொல்லாமல் விட்டார்கள். பரீட்சையில் பத்து நிமிடத்தில் செய்யும் இக்கணக்கை வீட்டில் ஒருவர் செய்து காட்டியிருந்தால் பல தாய்மார் ஒப்பமிடுவதற்கு முன் இன்னொருமுறை யோசித்திருப்பார்கள். சாதாரண தரக் கணிதத்தில் பிற்காலத்தில் உங்கள் வீட்டுக்கே நேரடியாகப் பயன்படும் பகுதி எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

இப்போது எமது அட்டவணைக்குத் திரும்புவோம். ஜனவரியில் 60,000 கடன் எடுத்தால் மாத இறுதி மீதி 20,000 ஆக மாறும். நிம்மதி. பெப்ரவரியில் வரவு 20,000, செலவு 45,000, முதல் தவணை 6,300. மாத இறுதியில் மீண்டும் ரூபா 11,300 பற்றாக்குறை! தவணை கட்டவே இன்னொரு கடன் வேண்டும். அடுத்த வருடம் வேறு எதுவும் மாறாவிட்டாலும், வட்டிக்குப் போன 15,600 காரணமாகப் பெப்ரவரிப் பள்ளம் 25,000 க்குப் பதிலாக 40,600 ஆக இருக்கும். மறுபடியும் கடன். ஒரு கடனை அடைக்க மறு கடன் என்ற சுழல் இவ்வாறே தொடங்குகிறது.

இதே பள்ளத்தை நகை அடகு வைத்து நிரப்பியிருந்தால்? ஆண்டு வட்டி 18% என எடுத்துக்கொள்வோம். ஜனவரியில் 40,000 ஐ இரண்டு மாதத்துக்கும் பெப்ரவரியில் 25,000 ஐ ஒரு மாதத்துக்கும் எடுத்து மார்ச்சில் மீட்டால் வட்டி 1,200 + 375 = ரூபா 1,575. ஊரில் "மாதம் நூற்றுக்கு மூன்று" என்று கொடுப்பவரிடம் எடுத்திருந்தாலும் 2,400 + 750 = ரூபா 3,150 தான். ஏன் இந்த வேறுபாடு? வட்டி வீதம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் காலம். பள்ளம் இரண்டு மாதப் பள்ளம். கடனோ பன்னிரண்டு மாதக் கடன். தேவை எவ்வளவு காலமோ கடனும் அவ்வளவு காலமாக இருக்க வேண்டும்.

இதைக் கொண்டு ஊர் வட்டி நல்லது என்று முடிவு செய்துவிடக் கூடாது. வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டி முதலை அப்படியே விட்டுவைப்பதே அங்குள்ள ஆபத்து. நூற்றுக்கு மூன்று என்றால் ஆண்டுக்கு 36%. மூன்றாம் வருடம் முடியுமுன் முதலுக்குச் சமனான வட்டி கட்டியாகிவிடும். முதல் அப்படியே நிற்கும். நாளாந்தம் ஓடும் "மீற்றர் வட்டி" பற்றிச் சொல்லவே தேவையில்லை.

2009 இன் பின்னர் வடக்கில் நடந்தது

மேலே செய்த கணக்கு வெறும் கணக்கல்ல. 2009 மே மாதம் யுத்தம் முடிந்த பின்னர், ஏ9 வீதி வழியாக வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் நுண்நிதி நிறுவனங்களும் பெருமளவில் வடக்குக்கு வந்தன. மக்களிடம் வீடு இல்லை, தொழிற் கருவி இல்லை, பல குடும்பங்களில் உழைக்கும் ஆணும் இல்லை. ஆகவே கடன் தேவைப்பட்டது. கடனும் தேடி வந்தது. பெண்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்து, ஒருவருக்கு மற்றவர் பிணை நிற்க, பெரிய ஆவணம் ஏதும் இல்லாமலே கடன் வழங்கப்பட்டது. தவணையை வாராவாரம் வீட்டுக்கே வந்து அறவிட்டார்கள். உரிய நேரத்தில் கிடைத்த கடனால் கோழி வளர்த்தும் கடை போட்டும் முன்னேறியவர்களும் உண்டு. ஆனால் வருமானம் வாரந்தோறும் வராத வீட்டில் தவணை மட்டும் வாரந்தோறும் வந்தது. ஒரு நிறுவனத்தின் தவணைக்காக மற்றொரு நிறுவனத்தில் கடன் எடுத்தார்கள். ஒருவர் கட்டத் தவறினால் குழுவிலுள்ள அயலவர்களே அவரை நெருக்க வேண்டியிருந்தது. வேலியைத் தாண்டி உப்பும் புளியும் மாறிய வீடுகளுக்கிடையே பேச்சு நின்றது. கடன் நெருக்கடியால் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் பற்றிய செய்திகளும் வடக்கு, கிழக்கிலிருந்து வந்தன.

2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் இத்துறையை ஒழுங்குபடுத்த முயன்றது. 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடனை எடுத்துத் தவணை கட்டத் தவறிய பெண்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. ஆண்டுக்கு 35% என்ற உச்ச வட்டி வரம்பும் அக்காலத்தில் கொண்டுவரப்பட்டது. 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் வெளிநாட்டுக் கடன் தொடர்பான சுயாதீன நிபுணரும் நுண்கடன் பிரச்சினையைத் தனது கவனத்தில் எடுத்தார்.

ஒன்றைக் கவனியுங்கள். எமது கற்பனைக் கடனின் 26% ஐ 35% உடன் ஒப்பிட்டால் வரம்புக்குள் இருப்பதாகவே தோன்றும். மாத அலகு முறையில் பார்த்தால் 48%. ஆகவே கடன் தருபவரிடம் கேட்க வேண்டிய வினா, "வட்டி எத்தனை சதவீதம்?" என்பதுடன் முடிவதில்லை. "முழுத் தொகைக்கா, குறைந்து செல்லும் மீதிக்கா?" என்றும் கேட்க வேண்டும். வட்டியைத் தவிர ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று கடன் தொகையிலிருந்து முன்கூட்டியே கழிக்கப்படும் காசு எவ்வளவு என்பதையும் கேட்க வேண்டும். கையில் கிடைப்பது 57,000, வட்டி கட்டுவது 60,000 க்கு என்றால் வீதம் இன்னும் ஏறும்.

சீட்டு, நகை, ஒற்றி, சங்கம்

வங்கி வருவதற்கு முன்பே எம்மவர் இந்தப் பள்ளத்தை அறிந்திருந்தார்கள். அதை நிரப்பும் வழிகளும் வைத்திருந்தார்கள்.

சீட்டில் பத்துப் பேர் மாதம் 5,000 கட்டினால் மாதம் ஒருவருக்கு 50,000 சேரும். கழிவு கூறி முதலில் எடுப்பவர் உண்மையில் கடனாளி. இறுதிவரை காத்திருப்பவர் சேமிப்பாளர். தோட்டக்காரர் தை, மாசியில் எடுக்கும்படி சீட்டைக் கட்டினால் அது நல்ல பாதீட்டுக் கருவி. ஆனால் சீட்டுக்குப் பிணை நம்பிக்கை மட்டுமே. முதலில் எடுத்தவர் கட்டாமல் விட்டாலோ சீட்டுப் பிடிப்பவர் ஊரை விட்டுப் போனாலோ காசை மீட்பது பெரும்பாடு.

நகை பற்றி ஒரு வார்த்தை. "காசை ஏன் தங்கத்தில் முடக்குகிறார்கள்?" என்று பொருளியல் படித்தவர்கள் கேட்பதுண்டு. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, வீட்டையும் தோட்டத்தையும் தூக்கிச் செல்ல முடியவில்லை. கழுத்திலும் கையிலும் கிடந்த நகை கூடவே போனது. அடகு வைத்து உண்ணவும் முடிந்தது. இந்த அனுபவம் உள்ள சமூகத்திடம் தங்கம் வீண் முதலீடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆயினும், எப்போது மீட்கப்படும் என்பது பாதீட்டில் எழுதப்படாமல் வைக்கப்படும் நகை ஏலத்துக்குப் போகும் வாய்ப்பு அதிகம்.

ஒற்றி என்பது காணியைக் கொடுத்துக் காசு வாங்குவது. கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைச்சலை எடுத்துக்கொள்வார். ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தில் தொகுப்பித்த தேசவழமையிலேயே ஒற்றி பேசப்படுகிறது. வட்டி என்ற சொல்லே இங்கு எழாது, விளைச்சலாகப் போய்க்கொண்டிருக்கும். வாரத் தவணைக்குள் ஒளிந்திருக்கும் வட்டியைப் போலவே இதையும் ரூபாவில் எழுதிப் பார்க்க வேண்டும்.

கூட்டுறவு இவற்றிலிருந்து வேறுபட்டது. 1911 இல் கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களுக்கான கட்டளைச் சட்டம் வந்தபின், குடாநாட்டில் இச்சங்கங்கள் நன்கு வளர்ந்தன. கூட்டுறவு சமஷ்டி வங்கியைப் பொறுப்பேற்றே 1961 இல் மக்கள் வங்கி தொடங்கப்பட்டது. சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் சிக்கனம் முன்னே நிற்கிறது, கடன் பின்னே நிற்கிறது. முதலில் சேமித்து அங்கத்தவரான பின்னரே கடன். அவசரத்துக்கு ஓடிப்போய் எடுக்க முடியாது என்பது இதன் குறை. காசு வரும் மாதத்தில் அங்கு போகப் பழகியவருக்கு அதுவே நன்மை.

சனம் என்ன சொல்லும்?

தேசவழமை சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று பிரிக்கிறது. முன்னோரிடமிருந்து வந்தது முதுசம். பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டது சீதனம். திருமணத்தின் பின் கணவனும் மனைவியும் தேடியது தேடியதேட்டம். காசு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒவ்வொரு பெயர் வைத்த சமூகம் எம்முடையது. ஆனால் செலவுகளுக்கு அப்படித் தெளிவான பெயர்கள் வைக்கவில்லை. தேவை, விருப்பம் என்று பாடத்தில் இரண்டாகப் பிரிக்கிறோம். நடைமுறையில் மூன்றாவது ஒன்று உண்டு. அது மரியாதைச் செலவு. சாமத்திய வீட்டுக்கு மண்டபம், வீடியோ, பல வகைச் சாப்பாடு, கலியாணத்துக்குக் கொடுக்கும் காசும் நகையும், அந்தியேட்டிச் சாப்பாடு. இவை தேவை அல்ல என்று எழுதினால் பெற்றோர் ஏற்கமாட்டார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. உறவு இல்லாமல் வாழ முடியாத ஊரில் உறவுக்குச் செலவு செய்வதும் ஒருவகைக் காப்புறுதி. எனவே அதை மறைக்காமல் பாதீட்டில் தனியாக ஒரு வரியில் எழுதி ஒரு உச்ச வரம்பு இடுவதே நடைமுறைக்கு ஏற்றது. எமது அட்டவணையில் 40,000 என்று எழுதியது அதற்காகவே.

சீதனம் பற்றி நான் அவ்வளவு மென்மையாகச் சொல்ல விரும்பவில்லை. வீடு, காணி, நகை, அதற்கு மேல் "டொனேசன்" என்று மணமகன் வீட்டுக்குக் கைக்காசு என ஒரு குடும்பத்தின் இருபது வருடச் சேமிப்பு ஒரே நாளில் இடம்மாறுகிறது. மகளின் பெயரில் காணியாக நிற்பது அவளது சொத்து. டொனேசனாகப் போவது அவளுடையதுகூட அல்ல.

அடுத்தது வெளிநாட்டுக் காசு. 1983 இன் பின்னர் கனடா, பிரித்தானியா, பிரான்சு, சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளுக்குச் சென்றவர்கள் அனுப்பும் காசில் பல வீடுகள் நிமிர்ந்தன. ஆனால் எமது அட்டவணையில் அதற்கு வரியே இல்லை என்பதை அவதானித்தீர்களா? சித்தப்பா அனுப்புவார் என்று மாதச் செலவை உயர்த்திய வீடு, அவருக்கு வேலை போன மாதத்தில் கடன் வாங்கும். அங்கே இரண்டு வேலை செய்து, நேரங்கெட்ட நேரத்தில் உண்டு அனுப்பும் காசு அது. வரும்போது கடனை அடைக்கவும், வீட்டைத் திருத்தவும், தை மாசிப் பள்ளத்துக்கென ஒதுக்கவும் பயன்படுத்தலாம். மாத அரிசிக்கு அதை நம்பியிருப்பது சரியல்ல.

விலை ஏறும்போது

பாதீடு மதிப்பீடு மட்டுமே. 2022 இல் அதை நாடு முழுவதும் உணர்ந்தது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் ஆண்டுப் பணவீக்கம் 69.8%. உணவுப் பணவீக்கம் 94.9%. அதாவது முதல் வருடம் ரூபா 27,000 க்கு வாங்கிய உணவுக்கு அந்த மாதம் ஏறத்தாழ ரூபா 52,600 தேவை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. குடாநாட்டில் நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் மீன்பிடிப் படகுக்கும் மண்ணெண்ணெயே வேண்டியிருந்ததால் தோட்டக்காரரும் கடற்றொழிலாளரும் ஒரே நாளில் அடிபட்டார்கள். வங்கியில் இருந்த காசின் வாங்கும் சக்தியும் கரைந்தது.

இதைவிடக் கடுமையான காலத்தையும் இங்குள்ளோர் கடந்திருக்கிறார்கள். 1990 களின் முற்பகுதியில் பொருளாதாரத் தடையால் மின்சாரமும் எரிபொருளும் இல்லாதபோது, ஜாம் போத்தல் விளக்கில் சில துளி எண்ணெய் விட்டுப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். அந்தச் சிக்கனம் கட்டாயத்தால் வந்தது. பாதீடு கட்டாயம் வருமுன் செய்யப்படுவது. விலை ஏறிய மாதத்திலேயே அட்டவணையைத் திருத்தி எழுதுபவருக்கு, எந்த மாதத்தில் காசு முடியும் என்பது மூன்று நான்கு மாதங்களுக்கு முன்பே தெரியும். பசுவை விற்பதா, தோட்டத்தில் பாதியை மரக்கறிக்கு மாற்றுவதா என்று யோசிக்க அவருக்கு அவகாசம் இருக்கும்.

பயிற்சி வினாக்கள்

1. மேலுள்ள அட்டவணையில் மார்ச் மாத வெங்காய வருமானம் விலை வீழ்ச்சியால் 20% குறைந்தால் ஆண்டு இறுதி மீதி யாது?

2. "மாதம் நூற்றுக்கு ஐந்து" என்ற வட்டிக்கு ரூபா 30,000 ஐ 8 மாதங்களுக்குப் பெறும் ஒருவர் செலுத்தும் மொத்த வட்டி யாது? ஆண்டு வட்டி வீதம் யாது?

3. ரூபா 52,000 கடனை 52 வாரங்களில், வாரம் ரூபா 1,250 வீதம் செலுத்த வேண்டும். முதலில் 25% மட்டுமே வட்டி எனக் கூறப்படுகிறது. மாத அலகுக்குப் பதிலாக வார அலகைப் பயன்படுத்தி உண்மையான ஆண்டு வட்டி வீதத்தைக் காண்க.

4. உங்கள் வீட்டின் அடுத்த பன்னிரண்டு மாதங்களுக்குரிய காசுப் பாதீட்டைப் பெற்றோரிடம் கேட்டுத் தயாரிக்குக. பற்றாக்குறை வரும் மாதங்களைக் குறித்து, எந்தச் செலவின் திகதியை மாற்றலாம் எனக் காட்டுக.

விடைகள்

1. குறைவு 54,000. ஆகவே 40,000 மிச்சம் மாறி ரூபா 14,000 பற்றாக்குறை.

2. வட்டி 30,000 × 5% × 8 = ரூபா 12,000. ஆண்டு வீதம் 60%.

3. மொத்தக் கொடுப்பனவு 65,000. வட்டி 13,000. வாரத்துக்கு முதல் 1,000. வார அலகுகள் 52 × 53 ÷ 2 = 1,378. ஒரு அலகுக்கான வட்டி 13,000 ÷ 1,378 = ரூபா 9.43 (ஏறத்தாழ). வார வீதம் 0.943%. ஆண்டு வீதம் ஏறத்தாழ 49%.

4. இதற்கு விடை உங்கள் வீட்டில் உள்ளது. சில பெற்றோர் கடன் விபரத்தைப் பிள்ளைகளிடம் சொல்லத் தயங்குவர். வற்புறுத்த வேண்டாம். வெற்று அட்டவணையையும் மூன்றாம் வினாவின் விடையையும் மேசையில் வைத்துவிட்டுப் படிக்கச் செல்லுங்கள்.